வரி விளம்பரத்தில் உரிம எண் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு வேலை வாங்கித் தருவதாகப் பணம் பறித்த கும்பல் பிடிபட்ட செய்தியைக் கடந்த வாரம் தங்கள் நாளிதழ் மாவட்டப் பக்கத்தில் பெரிதாகவே வெளியிட்டிருந்தது. நல்லது. அதே இதழின் வரி விளம்பரப் பக்கத்தில், 'கனடா, நியூசிலாந்து, போலந்து. அனுபவம் தேவையில்லை. உணவு, தங்குமிடம் இலவசம்' என்று ஒரு விளம்பரம் இருந்தது. கீழே வெறும் செல்போன் எண். நிறுவனத்தின் பெயர் இல்லை, முகவரி இல்லை, உரிம எண்ணும் இல்லை.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் யாராக இருந்தாலும் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்து உரிமம் பெற்றிருக்க வேண்டும். அந்த உரிம எண் அலுவலகத்தில் மட்டுமல்ல, பத்திரிகையிலும் சமூக ஊடகத்திலும் தரும் விளம்பரங்களிலும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று அமைச்சகம் பலமுறை அறிவித்திருக்கிறது. வாசலில் 'டிராவல்ஸ்' என்றோ 'கன்சல்டன்சி' என்றோ போர்டு மாட்டிவிட்டு ஆள் எடுப்பவருக்கும் இது பொருந்தும். "நான் சென்னை ஆபீசுக்கு சப்-ஏஜென்ட்" என்று டீக்கடையில் உட்கார்ந்து பாஸ்போர்ட் வாங்குகிறவருக்கும் பொருந்தும்.

மக்களுக்குத் தெரியாத இன்னொரு எண் 30,000. உரிமம் பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடிய உச்சபட்சத் தொகை அவ்வளவுதான். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400 ரூபாய். அதற்கு ரசீதும் கொடுத்தாக வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒன்றரை லட்சம் கேட்டால், "பரவாயில்லையே, இன்னொருத்தன் மூணு கேட்டான்" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வருகிறார்கள்.

நான் மன்னார்குடியில் ஜெராக்ஸ், நெட் சென்டர் வைத்திருக்கிறேன். ஆஃபர் லெட்டரை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "ரெண்டு கலர் பிரின்ட் போடுங்கண்ணே" என்று பையன்கள் வருவார்கள். அண்மையில் ஒருவர் கொண்டுவந்தது கனடாவில் ஓட்டல் வேலை, இன்னொருவர் கொண்டுவந்தது நியூசிலாந்தில் ஆப்பிள் தோட்ட வேலை. லோகோ வேறு, முகவரி வேறு. ஆனால் கையெழுத்து ஒன்று. எங்கிருந்தோ வெட்டி ஒட்டியதில் கையெழுத்தைச் சுற்றி வெள்ளைக் கட்டம் அப்படியே தெரிந்தது. முடிவில் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்ற இடத்தில் இரண்டிலும் ஒரே எழுத்து விடுபட்டிருந்தது. நியூசிலாந்துத் தோட்டக்காரர் சம்பளத்தை அமெரிக்க டாலரில் தருகிறாராம்! கம்பெனியின் மின்னஞ்சல் முகவரி ஜிமெயில். பணம் போட வேண்டியதோ பீகாரில் உள்ள ஒரு தனிநபரின் வங்கிக் கணக்கில்.

"இன்டர்வியூ யார் எடுத்தா தம்பி?" என்றேன். "வாட்ஸ்அப்லயே முடிஞ்சிடுச்சுண்ணே. கட்டுற பணம் ரீஃபண்டபிள்னு போட்டிருக்கு பாருங்க" என்றார்.

இவர்களைப் பேராசைக்காரர்கள் என்று எழுதுவதை நிறுத்த வேண்டும். அவர்களும் விசாரிக்கத்தான் செய்கிறார்கள். கூகுளில் தேடிப் பார்த்தால் அந்த ஓட்டல் உண்மையிலேயே இருக்கிறது, படமும் வருகிறது. மோசடிக்காரன் இருக்கிற கம்பெனியின் பெயரைத்தான் எடுத்துக்கொள்கிறான். விசாரிக்க வேண்டியது நடுவில் நிற்கும் ஆளைத்தான். பதிவு பெற்ற ஏஜென்ட்கள் பட்டியல் அரசின் இ-மைகிரேட் தளத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசு கிடையாது.

பணத்தையும் ஒரே தடவையில் கேட்பதில்லை. முதலில் பதிவுக்கு இரண்டாயிரம். பிறகு மெடிக்கல், பிறகு விசா ஸ்டாம்பிங், இன்சூரன்ஸ் டெபாசிட். டிக்கெட் போட்டாகிவிட்டது என்று சொன்ன பிறகு 'எமிகிரேஷன் கிளியரன்ஸ்'. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருப்பதால் நியாயமான செலவு போலவே தெரிகிறது. மூன்றாவது தவணைக்கு அம்மாவின் நகை அடகுக்குப் போய்விடும். அதன்பின் சந்தேகம் வந்தாலும், போட்ட பணத்தை எடுக்கணுமே என்று நான்காவதையும் கட்டிவிடுகிறார்கள்.

கனடா என்றால் 'எல்.எம்.ஐ.ஏ. கட்டணம்' (வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுக்க அங்குள்ள முதலாளி அரசிடம் வாங்கும் ஒப்புதலுக்கான கட்டணம்) என்று தனியாக ஒரு தொகை கேட்பார்கள். ஒரு வேலையிடத்துக்கு 1,000 கனடா டாலர் என்ற அந்தக் கட்டணத்தை வேலை தருபவர்தான் அரசுக்குக் கட்ட வேண்டும், தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்பது அந்த நாட்டு விதி. எங்கள் மாவட்டத்துக்குப் பழக்கமான சிங்கப்பூரிலோ, கையில் வரும் ஐ.பி.ஏ. கடிதம் (வேலை அனுமதிக்கான முதற்கட்ட ஒப்புதல்) உண்மையா என்று அந்நாட்டு மனிதவள அமைச்சகத்தின் தளத்திலேயே பார்த்துவிடலாம். வளைகுடா நாடுகளுக்கு, "விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கலாம்" என்று யார் சொன்னாலும் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்வது நல்லது. முறையான வேலை என்றால் முதலாளி, ஏஜென்ட், தொழிலாளி மூவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருக்கும்.

முன்பணம் கேட்காததாலேயே ஓர் ஆஃபர் சுத்தமாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று கூட்டிப்போய் மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடி செய்ய அடைத்து வைத்தவர்கள் டிக்கெட்டையும் தாங்களே போட்டுக் கொடுத்ததுண்டு. 2022 அக்டோபரில் அங்கிருந்து மீண்டு சென்னை வந்த 13 தமிழர்களை நாம் மறந்தேவிட்டோம். 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களில் 549 இந்தியர்களை அழைத்துவர வேண்டியிருந்தது.

பிடிபட்டவனுக்கு என்ன ஆகிறது? குடிபெயர்வுச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் ஆள் எடுத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். முதல் தவணையாகப் 'பதிவுக்கு' என்று வாங்குகிற தொகையே அபராதத்துக்குப் போதும். (ஏமாற்றுக் குற்றத்துக்கான பிரிவு தனி, அந்த வழக்கு முடிவதற்குள் பையனுக்குக் கல்யாண வயது தாண்டிவிடுகிறது.)

சட்டம் மாறும்போது மாறட்டும். தங்கள் நாளிதழால் இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்றுண்டு. உரிம எண் தராத வெளிநாட்டு வேலை விளம்பரத்தை வாங்காதீர்கள். எண் தந்தால் இ-மைகிரேட் தளத்தில் அதைச் சரிபார்த்த பிறகு அச்சிடுங்கள். விளம்பரப் பிரிவில் ஒருவருக்கு இரண்டு நிமிட வேலை. பக்கத்தின் மேல் ஓரத்தில் ஒரு சிறு பெட்டியில் 35,400 ரூபாய் உச்சவரம்பையும், பணத்தைக் கட்டிவிட்டவர்கள் உடனே அழைக்க வேண்டிய சைபர் குற்ற உதவி எண் 1930-ஐயும் போடலாம். வருமானம் குறையும் என்று விளம்பரப் பிரிவு சொல்லக்கூடும். எவ்வளவு குறைந்தது என்பதையும் ஒரு செய்தியாக வெளியிடுங்கள். எங்கள் கடைக்கு வரும் பையன்களிடம் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை நடத்தும் வாசகர்,
மன்னார்குடி