அட்டைப்பெட்டிகளையும் காட்டலாமே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திரைப்படச் சண்டைக் காட்சிகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தபோது, மேல்நிலைப் பள்ளியில் பல ஆண்டுகளாக இயற்பியல் நடத்திவரும் எனக்கு நெடுநாளாக மனத்தில் இருப்பதை எழுதத் தோன்றியது. சினிமாவில் லாஜிக் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிடலாம். ஆனால் பார்த்ததையெல்லாம் உலகம் இயங்கும் விதமாகவே பிள்ளைகள் மனத்தில் வாங்கிக்கொள்கிறார்கள் என்பதை வகுப்பில் தினமும் காண்கிறேன்.

ஒவ்வோர் ஆண்டும் பதினொன்றாம் வகுப்பில் எறிபொருள் இயக்கத்தைத் தொடங்கும் முன், மேசையில் உருண்டுவரும் கோலிக்குண்டு விளிம்பைத் தாண்டியதும் எந்தப் பாதையில் தரைக்கு வரும் என்று வரையச் சொல்வேன். பலருடைய நோட்டில் அந்தக் குண்டு வெறும் காற்றில் கொஞ்ச தூரம் நேராகப் போய், அங்கே ஒரு கணம் நின்று, பிறகு செங்குத்தாக இறங்கும். ஏன் இப்படி வரைந்தாய் என்று ஒரு மாணவனைக் கேட்டேன். "கார்ட்டூன்ல அப்படித்தானே சார் விழும்" என்றான். 1949-இல் தொடங்கிய 'ரோட் ரன்னர்' கார்ட்டூன் படங்களில், மலை விளிம்பைத் தாண்டி ஓடும் கயோட்டி (ஓநாய் இனத்தைச் சேர்ந்த விலங்கு) கீழே குனிந்து பார்க்கும் வரை விழாது. அவன் நோட்டில் இருந்தது அதே பாதைதான். இதற்குக் கார்ட்டூனை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. கல்லூரி மாணவர்களில் பலரிடமும் இத்தகைய தவறான எண்ணங்கள் இருப்பதை அமெரிக்க உளவியலாளர் மைக்கேல் மெக்ளாஸ்கி 1983-இல் எழுதிய கட்டுரையில் விளக்கியிருக்கிறார். மனத்தில் ஏற்கெனவே இருக்கும் பிழையைத் திரை மேலும் உறுதிப்படுத்துகிறது என்பதே என் கவலை.

அன்று மேசை விளிம்பில் ஓர் அடிஸ்கேலைப் பாதி வெளியே நீட்டிவைத்து, நீட்டிய முனையின்மேல் ஒரு ரூபாய் நாணயத்தையும், விளிம்பை ஒட்டி ஸ்கேலின் பக்கத்தில் இன்னொரு நாணயத்தையும் வைத்து, ஸ்கேலைச் சட்டென்று பக்கவாட்டில் தட்டினேன். ஒன்று நேரே கீழே விழுந்தது. மற்றொன்று வளைந்து பறந்து முதல் பெஞ்சு அருகே விழுந்தது. ஆனால் தரையில் எழுந்த சத்தம் ஒன்றுதான். முன்னோக்கிய இயக்கமும் கீழ்நோக்கிய வீழ்ச்சியும் ஒரே கணத்தில் தொடங்குகின்றன, ஒன்று முடியட்டும் என்று மற்றொன்று காத்திருப்பதில்லை என்பது அந்த ஒரு சத்தத்தில் அவர்களுக்கு விளங்கியது.

துப்பாக்கிக் குண்டு பட்டவர் பத்தடி பின்னால் பறப்பதும் இப்படிப்பட்டதே. 8 கிராம் எடையுள்ள குண்டு வினாடிக்கு 350 மீட்டர் வேகத்தில் வந்து 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் தங்கிவிட்டால், அதன் உந்தம் (நிறையையும் வேகத்தையும் பெருக்கிய அளவு) அவருக்குக் கொடுக்கும் வேகம் வினாடிக்கு 4 சென்டிமீட்டர்தான். நாம் சாதாரணமாக நடக்கும் வேகத்தில் அது முப்பதில் ஒரு பங்கு. குண்டு பட்டவரைப் பறக்கவைக்கும் அளவுக்கு உந்தம் இருந்தால், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி சுட்டவரும் ஏறத்தாழ அதே வேகத்தில் பின்னால் தூக்கி வீசப்பட வேண்டும்.

இவற்றையெல்லாம்விட என்னை அதிகம் உறுத்துவது, உயரத்திலிருந்து விழுபவரை நாயகன் கைகளில் ஏந்திக்கொள்ளும் காட்சி. 30 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பெண் தரையை நெருங்கும்போது ஏறத்தாழ மணிக்கு 87 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பார். அவரை அரை மீட்டர் தூரத்துக்குள் நிறுத்தினால், அவர் உடலின்மேல் செயல்படும் விசை அவருடைய எடையைப்போல் சுமார் 60 மடங்காகும். பிடிப்பது தரையா, கையா என்பதைவிட, எவ்வளவு தூரத்தில் நிறுத்தப்படுகிறார் என்பதே அவர் உயிரைத் தீர்மானிக்கிறது. பாடநூலில் கணத்தாக்கு (விசையையும் அது செயல்படும் நேரத்தையும் பெருக்கிய அளவு) என்று நாங்கள் நடத்துவதும், கிரிக்கெட் வீரர் பந்தோடு சேர்த்துக் கையைப் பின்னால் இழுத்துப் பிடிப்பதும் இதுதான்.

படப்பிடிப்புத் தளத்தில் இருப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். மாடியிலிருந்து குதிக்கும் ஸ்டண்ட் கலைஞருக்காகக் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி அவற்றின்மேல் மெத்தை விரிக்கிறார்கள். 9 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவரை, நசுங்கும் பெட்டிகள் ஒன்றரை மீட்டர் தூரத்துக்குள் மெல்ல மெல்ல நிறுத்தினால், விசை ஆறேழு மடங்கோடு நின்றுவிடுகிறது. இடுப்பில் ரோப் கட்டி இழுப்பதால்தான் அடிவாங்கியவர் பறக்கிறார். உடலைப் பணயம் வைத்து அவர்கள் செய்யும் இந்தச் சரியான இயற்பியலை, ரோப்பைக் கணினியில் அழித்தும், பெட்டிகளைக் காட்சிக்கு வெளியே வைத்தும் நம் கண்ணில் படாமல் மறைத்துவிடுகிறார்கள்.

எங்கள் பள்ளி மாணவன் ஒருவன் பைக்கிலிருந்து விழுந்து தலையில் தையல்களோடு திரும்பி வந்தான். "மெதுவாத்தான் சார் போனேன்" என்றான். நின்றிருக்கும் பைக்கிலிருந்து சாய்ந்து, தலை ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலே மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதும். கான்கிரீட் அதைச் சில மில்லிமீட்டருக்குள் நிறுத்திவிடும். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தெர்மாகோல்தான் அந்த அட்டைப்பெட்டி அடுக்கு. திரையில் இருபது அடி பறந்து விழுந்தவர் சட்டையைத் தட்டிக்கொண்டு எழுவதைச் சிறுவயதிலிருந்து பார்த்த பிள்ளைக்கு, அந்தத் தெர்மாகோலின் அருமை எப்படித் தெரியும்?

கற்பனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1968-இல் வந்த '2001: ஒரு விண்வெளிப் பயணம்' படத்தில் காற்றில்லாத வெளி ஓசையற்றே காட்டப்பட்டது, அந்த அமைதி படத்துக்கு வலுவே சேர்த்தது. தங்கள் இதழிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு சண்டைக் காட்சியை எடுத்துக்கொண்டு, அது எப்படிப் படமாக்கப்பட்டது என்பதை ஸ்டண்ட் மாஸ்டர்களிடமே கேட்டு, ரோப்பும் பெட்டிகளும் தெரியும் படத்தோடு வெளியிடுங்கள். அதற்கு வேண்டிய கணக்குகளைப் போட்டுச் சரிபார்த்துத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
பட்டுக்கோட்டை.