வாசிப்பு மன்றத்தின் 2024–25 ஆண்டறிக்கை: பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அண்ணாச்சிக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராத உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களையும் சேர்த்துக்கொள்ளக் காரணம் உண்டு. இந்த அறிக்கையின் நகல் அவர்கள் வீட்டுக்கும் போகிறது.

முதலில் வழக்கமானவை. பாரதி பிறந்தநாள் டிசம்பர் 11 அன்று கொண்டாடப்பட்டது. புதுமைப்பித்தன் சிறுகதை வாசிப்பு இரண்டு அமர்வுகள் நடந்தன. ஆனித் தேரோட்ட வாரத்தில் கூட்டம் இல்லை. அடுத்த வாரமும் இல்லை, அதற்குத் தேர் காரணமில்லை. மறைந்த மூத்த உறுப்பினர் ஒருவருக்கு இரங்கல் கூட்டம் நடத்தினோம். இந்த ஆண்டு அதிகம் பேர் வந்தது அதற்குத்தான்.

இனி 'த்ரீ கப்ஸ் ஆஃப் டீ' விவகாரம். ஆகஸ்ட் தொடங்கி ஜனவரி வரை, மழையில் போன ஒரு ஞாயிறு நீங்கலாக, பதினோரு கூட்டங்கள் இந்த ஒரே புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தோம். கொண்டுவந்தவன் நான்தான். "நம்ம ஊர்ல எழுத ஆளா இல்ல? அமெரிக்காக்காரன் பாகிஸ்தான்ல பள்ளிக்கூடம் கட்டுன கதையப் போயி படிக்கணுமாக்கும்?" என்று பெருமாள்புரத்து உறுப்பினர் முதல் நாளே கேட்டார். அன்று பதில் சொல்ல விடவில்லை. இப்போது சொல்கிறேன்.

2023 டிசம்பரில் தாமிரபரணி கரை புரண்டபோது நம்மில் சிலர் சோற்றுப் பொட்டலம் கொடுக்கப் போனோம். ஆற்றோர ஊர் ஒன்றில் எங்களுக்கு முன்பே ஒரு லாரி வந்து துணிகளை இறக்கிவிட்டுப் போயிருந்தது. ரோட்டோரம் ஆளுயரக் குவியல். மேலே கிடந்த கோட் ஒன்றை ஒரு ஆச்சி எடுத்து உதறி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத வச்சு நான் என்ன செய்ய? ஒரு தீப்பெட்டி இருந்தா தாங்கய்யா" என்றாள். எங்களிடமும் தீப்பெட்டி இல்லை. வேற்று மண்ணுக்கு உதவ வந்தவனைப் பற்றிய ஒரு புத்தகத்தை நாம் சேர்ந்து படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான்.

கிரெக் மார்ட்டென்சன், டேவிட் ஆலிவர் ரெலின் இருவர் பெயரிலும் 2006இல் வந்த புத்தகம். 1993இல் கே2 சிகரம் ஏறப்போய் முடியாமல் இறங்கும் மார்ட்டென்சன், வழிதவறிப் பல்திஸ்தானில் கோர்ஃபே என்னும் மலைக்கிராமத்துக்கு வருகிறார். பிள்ளைகள் திறந்தவெளியில் குச்சியால் மண்ணில் எழுதிப் படிப்பதைப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடம் கட்டித் தருகிறேன் என்று ஊர்ப் பெரியவர் ஹாஜி அலிக்கு வாக்குக் கொடுக்கிறார். பணம் திரட்டி, கட்டுமானச் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால், முதலில் பிரால்டு ஆற்றுக்குப் பாலம் வேண்டும் என்கிறார்கள். பாலம் இல்லாமல் கல்லும் மரமும் எப்படி அக்கரை போகும்? ஊரைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள்.

ஆங்கிலம் சிரமம் என்றவர்களுக்காக அத்தியாயம் அத்தியாயமாகத் தமிழில் சுருக்கம் எழுதினேன். நான்கு நோட்டு. இரவு பத்து மணிக்கு மேல் எழுதியது. அதற்காக வீட்டில் வாங்கிய பேச்சு இந்த அறிக்கையில் சேராது. முறை இதுதான்: ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அந்த ஆள் என்ன சொல்கிறார் என்பதை விட்டுவிட்டு, என்ன செய்கிறார், எதைச் செய்யாமல் விடுகிறார் என்று ஒரே தாளில் எழுதி வர வேண்டும். வந்த தாள்கள் பதின்மூன்று. அதில் ஏழு மார்ட்டென்சனைப் பற்றி. ஏழும் 'விடாமுயற்சி' என்ற சொல்லில் தொடங்கின.

நம் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர்தான் ஹாஜி அலியை எடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாத கிழவர். பள்ளிக்கூட வேலை நடக்கும்போது மார்ட்டென்சன் தூக்குக்குண்டும் ரசமட்டமும் கையுமாக எல்லோரையும் விரட்டிக்கொண்டிருக்கிறார். ஹாஜி அலி வந்து தூக்குக்குண்டு, ரசமட்டம், கணக்குப் புத்தகம் மூன்றையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், கழுத்தில் தொங்கும் சாவியால் அலமாரியைத் திறந்து, ஜெபமாலைக்கும் பழைய துப்பாக்கிக்கும் பக்கத்தில் வைத்துப் பூட்டிவிடுகிறார். அப்புறம் மனைவியிடம் தேநீர் கொண்டுவரச் சொல்கிறார். முதல் கோப்பையில் அந்நியன், இரண்டாவதில் விருந்தாளி, மூன்றாவதில் வீட்டு ஆள் என்ற பேச்சு வருவது இந்த இடத்தில்தான். பள்ளிக்கூடம் வரக்கூடாது என்று மிரட்டியவனுக்குப் பன்னிரண்டு கிடாக்களைக் கொடுத்துவிட்டுத் தலைநிமிர்ந்து நின்றவரும் இவர்தான். டீச்சர் தாளில் கடைசி வரி: 'கொடுத்தவர் ஹாஜி அலி. வாங்கிக்கொண்டவர் மார்ட்டென்சன்.' கருப்பொருள் என்று நான் நான்கு நோட்டில் சுற்றிச் சுற்றி எழுதியது அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது.

பொருளாளர் அண்ணாச்சி உடனே, "அந்தக் கணக்குப் புத்தகத்தப் பூட்டி வச்சதுதாம் வே பின்னால வினையாப் போச்சு" என்றார். அவருக்கு விஷயம் முன்பே தெரியும்போலிருக்கிறது. அதனால் ஏழாவது கூட்டத்தில் நானே சொல்லிவிட்டேன். 2011 ஏப்ரலில் சிபிஎஸ் தொலைக்காட்சியின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சியும், ஒருகாலத்தில் மார்ட்டென்சனின் தொண்டு நிறுவனத்துக்கு 75,000 டாலர் நன்கொடை கொடுத்த எழுத்தாளர் ஜான் கிராக்காவரும், புத்தகத்தில் பல சம்பவங்கள் நடக்காதவை, வழிதவறிக் கோர்ஃபே வந்ததே அந்த வகை, பணத்துக்கும் ஒழுங்கான கணக்கில்லை என்று வெளிப்படுத்தினார்கள். காலத்தைச் சுருக்கிச் சொன்னதை மார்ட்டென்சன் ஒப்புக்கொண்டார். 2012இல் மொன்டானா மாநில அரசு வழக்கறிஞர் விசாரித்து, சுமார் 10 லட்சம் டாலரை அவர் நிறுவனத்துக்குத் திருப்பிக் கட்டவேண்டும் என்று முடித்தார்.

அன்று எழுந்து போன மூன்று பேர் இதுவரை திரும்பவில்லை. "தெரிஞ்சிருந்தும் மறைச்சீரே" என்பது அவர்கள் புகார். மறைக்கவில்லை, பிந்திச் சொன்னேன். முதல் நாளே சொல்லியிருந்தால் நீங்கள் யாரும் ஹாஜி அலியைப் பார்த்திருக்கவே மாட்டீர்கள், கள்ளனைப் பிடிப்பதிலேயே ஆறு மாதமும் போயிருக்கும். சொன்ன பிறகு நடந்த நான்கு கூட்டங்கள்தான் நல்ல கூட்டங்கள் என்பதற்கு அங்கிருந்த ஆறு பேரும் சாட்சி. மார்ட்டென்சன் கதையை அவரே பங்காளியாக நின்று எழுதிய புத்தகத்தில் அவர் ஏன் 'நான்' என்று வராமல் 'அவர்' என்றே வருகிறார் என்று நம் கல்லூரி மாணவி கேட்டாள். 'அவர்' என்றால் புகழலாம், 'நான்' என்றால் கூச்சம் வரும் என்றார் டீச்சர். இந்த அறிக்கையை 'செயலாளர் அரும்பாடுபட்டார்' என்ற நடையில்தான் முதலில் எழுதியிருந்தேன். மாற்றிவிட்டேன்.

வரவு செலவு. சந்தா, நன்கொடை, பழைய இருப்பு எல்லாம் சேர்த்து வரவு. ஜெராக்ஸ், நாற்காலி வாடகை, தேநீர், வடை, தபால் செலவு. கையிருப்பு சிறிது உண்டு. விவரம் பொருளாளர் நோட்டில் இருக்கிறது. "மார்ட்டென்சன் ரசீது வைக்கலன்னு ரெண்டு மாசம் பேசினோமே, நம்ம டீக்கு ரசீது எங்க?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். எந்த டீக்கடையில் ரசீது தருகிறார்கள் என்று அவரே விசாரித்துச் சொன்னால் அடுத்த ஆண்டு அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். கேட்டவர் சந்தா கட்டி இரண்டு வருடமாகிறது என்பதையும் நோட்டில் பார்த்தேன். மொத்தம் 41 உறுப்பினர்கள், 600 ரூபாய் ஆண்டுச் சந்தா, கட்டியவர்கள் 17. மாதம் ஐம்பது ரூபாய். ஒரு கூட்டத்துக்கு இரண்டு வடை என்று வைத்துக்கொண்டாலும் மன்றத்துக்குத்தான் நட்டம்.

வீட்டுத் திண்ணையையும் மாடியையும் கொடுத்து உதவியவருக்கும், இரண்டு கூட்டங்களுக்கு வருகை தந்த தலைவருக்கும், தேநீர் கொண்டுவந்த தம்பிக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு டோனாவூர் போய்வரலாம் என்று ஒரு எண்ணம். 1895இல் இந்தியா வந்து, 1951இல் இறக்கும்வரை ஊர் திரும்பாமல், சேலை கட்டிக்கொண்டு இங்கேயே இருந்து, டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் எழுதியவற்றைப் படித்துவிட்டுப் போகலாம். நமக்கு வேன் தூரம்தான். தன் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று அவர் சொல்லிவிட, வளர்த்த பிள்ளைகள் பறவைகளுக்கான தண்ணீர்த் தொட்டி ஒன்றை அங்கே வைத்தார்கள். இவரிடமும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. வேனுக்கு முன்பணம் கட்ட வேண்டும், அது இப்போதைய கையிருப்பில் ஆகாது.

செயலாளர் பொறுப்பில் நான் தொடர வேண்டும் என்ற ஆசை எனக்கில்லை. விருப்பமுள்ளவர்கள் இன்றே பெயர் கொடுக்கலாம். மன்றத்து பீரோ சாவி, நான்கு நோட்டு, ரசீதுப் புத்தகம் மூன்றும் என் வீட்டில்தான் இருக்கின்றன. மாலை ஆறு மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வரலாம். பாக்கியுள்ள 24 பேருக்கும் பெயரும் தொகையும் போட்டு ரசீது எழுதி வைத்துவிட்டேன். தேதி மட்டும் போடவில்லை.

இப்படிக்கு,
செயலாளர்