சூரியன் உதிக்கும் திசையையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் பஞ்சாங்கப் பகுதியில் சூரிய உதய நேரம் நாள்தோறும் வெளிவருகிறது. சூரியனும் சந்திரனும் அடிவானத்தில் எவ்விடத்தில் உதிக்கும் என்பதையும் அதனுடன் வெளியிட வேண்டுகிறேன்.

சூரியன் கிழக்கில் உதிக்கும் என்று பிள்ளைகள் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால், கொழும்பில் அது நேர்கிழக்கில் உதிப்பது மார்ச் 20, செப்டம்பர் 23 ஆகிய நாட்களை ஒட்டி மட்டுமே. ஜூன் 21 அளவில் வடக்கே ஏறக்குறைய 23½ பாகையும், டிசம்பர் 21 அளவில் தெற்கே அதே அளவும் விலகி உதிக்கிறது. நீட்டிய கையின் பொத்திய முட்டி ஏறக்குறைய 10 பாகையை மறைக்கும் என்பதால், இரு எல்லைகளுக்கும் இடையில் கிட்டத்தட்ட ஐந்து முட்டிகள் அடங்கும். வெள்ளவத்தைத் தொடர்மாடியொன்றின் மொட்டைமாடியில் கிழக்கு நோக்கி நின்றால், மார்கழியில் வலப்புறத் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் எழும் சூரியன், ஆனியில் இடப்புறத் தென்னைகளுக்கு மேலாக எழுவதைக் காணலாம். இந்த நகர்வு சீரானதும் அன்று. மார்ச்சில் ஒரே நாளில் தன் விட்டத்தில் முக்கால் பங்கு தூரம் இடம் மாறும் சூரியன், எல்லைகளை அணுகியதும் பல நாட்கள் அசையாதது போலவே தோன்றும்.

தைப்பொங்கலன்று உத்தராயணம் பிறப்பதாகக் கொள்கிறோம். அடிவானத்தைக் கவனிப்பவருக்கோ, சூரியன் அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பே வடக்கே திரும்பிவிட்டது தெரியும். நமது பஞ்சாங்கம் நட்சத்திரங்களை ஆதாரமாகக் கொண்டிருக்க, பூமியின் அச்சு மெல்லச் சுழன்று திசை மாறுவதால் வந்த இடைவெளி இது.

சந்திரன் இந்த வீச்சை 27 நாட்கள் சொச்சத்திலேயே போய்வந்துவிடுகிறது. பூரணையில் சூரியனுக்கு எதிர்ப்புறம் நிற்பதால், டிசம்பர் போயாவன்று வடகிழக்காகவும் ஜூன் மாதப் பொசன் போயாவன்று தென்கிழக்காகவும் எழும். அதன் பாதை சூரியனின் பாதைக்கு 5 பாகையளவு சாய்ந்திருப்பதாலும், அந்தச் சாய்வு 18.6 ஆண்டுகளுக்கொருமுறை சுற்றி வருவதாலும், எல்லைகளே விரிந்து சுருங்குகின்றன. 2024, 2025ஆம் ஆண்டுகளில் இருபுறமும் ஏறக்குறைய 29 பாகை வரை சென்ற சந்திரோதயம், 2034 அளவில் 18 பாகையளவில் ஒடுங்கிவிடும். இன்று ஐந்தாம் தரத்தில் படிக்கும் பிள்ளை இதைக் குறித்துவரத் தொடங்கினால், வளர்ந்து வேலைக்குப் போன பின்னரே முழுச் சுற்றையும் கண்டிருக்கும்.

சூரியன் எந்தெந்த ஊர்களுக்கு நேர் உச்சத்தில் வருகிறது என்ற ஏப்ரல் மாதச் செய்தியை வாசகர்கள் எவ்வளவு ஆவலோடு வாசிக்கிறார்கள் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ‘கிழக்கிலிருந்து வடக்கே 12 பாகை’ என்று ஒரு வரி போதும். உதய நேரத்தைத் தரும் அதே கணிப்பிலிருந்து இதையும் பெறலாம். கொழும்புக்குக் கடல் மேற்கே இருப்பதால், அஸ்தமனத் திசையையும் சேர்த்தால், மாலையில் காலிமுகத்திடலுக்கு வரும் எவரும் மறைப்பில்லாத அடிவானத்தில் அதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு.