எந்தப் பதிப்பைப் பார்த்தார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ‘மெட்ரோபொலிஸ்’ என்ற பழைய மௌனப் படம் பற்றி உங்கள் விமர்சகர் எழுதியதைப் படித்தேன். அந்தக் கட்டடங்களையும் இயந்திரங்களையும் அவர் வியந்திருக்கும் இடங்களில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் விஞ்ஞானி ராட்வாங்குக்கு நகரத்து அதிபதி மேல் ஏன் இவ்வளவு வன்மம் என்று படம் கடைசிவரை சொல்லவில்லை, திரைக்கதையில் இது பெரிய ஓட்டை என்று சொல்லி ஒரு நட்சத்திரத்தைக் குறைத்திருக்கிறாரே, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

படம் சொல்கிறது. அவர் பார்த்த பிரதி சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஹெல் என்று ஒருத்தி. ராட்வாங் காதலித்தவள். அதிபதி ஃபிரெடர்சனை மணந்துகொண்டு, மகனைப் பெற்றபோது இறந்துபோகிறாள். ராட்வாங் தன் வீட்டில் அவளுக்குப் பெரிய சிலை வைத்திருக்கிறான். படத்தில் வரும் இயந்திரப் பெண்ணை அவன் செய்வதே அவளைத் திரும்ப அடைவதற்காக. 1927 ஜனவரியில் பெர்லினில் முதலில் திரையிட்டபோது இதெல்லாம் படத்தில் இருந்தது. அமெரிக்காவுக்குப் போன பிரதியில், அவள் பெயர் ஆங்கிலத்தில் நரகத்தைக் குறிக்கும் சொல் மாதிரி இருக்கிறது என்று ஆளையே தூக்கிவிட்டார்கள். அவள் போனதோடு பகைக்கான காரணமும் போயிற்று. மிஞ்சியது பரட்டைத் தலையோடு ஒரு பைத்தியக்கார விஞ்ஞானி. 2008-இல் புவெனஸ் ஐரிஸ் அருங்காட்சியகம் ஒன்றில் 16 மி.மீ. பிரதி ஒன்று அகப்பட்டு, அதிலிருந்து சுமார் 25 நிமிடக் காட்சிகளைச் சேர்த்து 2010-இல் மறுபடி திரையிட்டார்கள். சேர்த்த இடங்களில் திரை முழுக்கக் கீறல் மழை. இருக்கட்டும், கதை புரிகிறதே! ஓட்டை போட்டது யாரோ ஒருவரின் கத்தரிக்கோல். பழி விழுந்தது இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங் தலையில்.

இந்தத் தொல்லை மற்றப் படங்களைவிடத் திகில், அறிபுனை வகைகளில்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு குடும்பக் கதை பெரும்பாலும் எடுத்தபடியே நமக்கு வந்து சேர்ந்துவிடும். பேயும் ரோபோவும் வரும் படமென்றால் தயாரிப்பாளருக்கு நடுக்கம், விநியோகஸ்தருக்கு அவசரம், தணிக்கைக்காரருக்குச் சந்தேகம். மூன்று பேரும் ஆளுக்குக் கொஞ்சம் வெட்டுவார்கள். 1973-இல் வந்த ‘தி விக்கர் மேன்’ படத்தை இன்னொரு படத்தோடு இணைத்து ஒரே டிக்கெட்டில் காட்டுவதற்காக 87 நிமிடங்களாகக் குறைத்தார்கள். ஒரு தீவுக்கு வரும் போலீஸ்காரர் அங்கே கழிக்கும் இரண்டு இரவுகள் ஒரே இரவாகச் சுருங்கிவிட்டன. ஊர் அவரை மெல்ல மெல்லச் சுற்றி வளைப்பதுதான் அந்தப் படத்தின் பயமே. அதில் ஒரு முழு இரவை எடுத்துவிட்டு, பயம் திடீரென்று வருகிறது என்று எப்படிக் குறை சொல்வது?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ‘பிளேட் ரன்னர்’ பற்றி நானும் தோழி ஒருத்தியும் பல வருடங்கள் சண்டை போட்டிருக்கிறோம். அலுப்பூட்டும் பேச்சு, ஒட்டவைத்த முடிவு என்பேன் நான். பேச்சே இல்லாத படம், முடிவுதான் அதன் உயிர் என்பாள் அவள். ஒருவர் ரசனையை ஒருவர் மட்டமாக நினைத்துக்கொண்டதுதான் மிச்சம். பிறகுதான் தெரிந்தது, நான் பார்த்தது 1982-இல் வெளியானது, அவள் பார்த்தது 1992-இல் வந்த இயக்குநர் பதிப்பு. முன்னதில் கதாநாயகனின் பின்னணிக் குரல் உண்டு. மழையில் ராய் என்ற செயற்கை மனிதன் உயிர்விட்ட பிறகும் விடாமல் வந்து பதவுரை, பொழிப்புரை சொல்லும். கடைசியில் காதலர்கள் மலைப்பாதையில் காரில் போவார்கள். அந்த மலைக்காட்சிகள்கூட ‘தி ஷைனிங்’ படத்துக்காக எடுத்து மிச்சமானவை! பின்னதில் குரலும் இல்லை, மலையும் இல்லை. பதிலுக்கு ஒற்றைக்கொம்புக் குதிரை ஓடும் ஒரு கனவு வரும். அந்தச் சில நொடிகளால் நாயகன் மனிதன்தானா என்ற கேள்வியே மாறிவிடுகிறது. 2007-இல் ‘இறுதிப் பதிப்பு’ என்று இன்னொன்றும் வந்தது. எங்கள் சண்டை இப்போது அதைப் பற்றி.

அதற்காக, நீளமானதே உண்மையான படம், இயக்குநர் வெட்டியதே வேதவாக்கு என்றெல்லாம் நான் சொல்லவில்லை. ‘ஏலியன்’ படத்துக்கு 2003-இல் வந்த ‘இயக்குநர் பதிப்பு’ முதலில் வெளியானதைவிடச் சற்றுக் குட்டை. முதலில் வந்ததிலேயே தனக்கு நிறைவு என்று அதன் இயக்குநர் ரிட்லி ஸ்காட்டே சொல்லியிருக்கிறார். ‘டோனி டார்கோ’ இன்னும் மோசம். 2004-இல் சுமார் இருபது நிமிடம் கூட்டி, கதையில் வரும் காலப் பயணப் புத்தகம் ஒன்றின் பக்கங்களைத் திரையில் காட்டி எல்லாவற்றையும் விளக்கிவிட்டார்கள். மர்மம் செத்தது. முதலில் வந்ததுதான் எனக்குப் பிடிக்கும்.

தொலைக்காட்சித் தொடர்கள் என்றால் வெட்டு மட்டுமல்ல, வரிசையையும் பார்க்க வேண்டும். ‘ஃபயர்ஃப்ளை’ 14 எபிசோட் எடுக்கப்பட்டது, 2002-இல் ஒளிபரப்பானது 11. அதிலும், விண்கப்பலையும் ஆட்களையும் அறிமுகம் செய்யும் முதல் எபிசோடைக் கடைசியாகப் போட்டார்கள். யார் யாருக்கு என்ன உறவு என்றே தெரியாமல் அன்று பார்த்தவர்களின் குழப்பத்துக்கு எழுதியவர் பொறுப்பா?

ஆகையால் ஒரு சின்ன வேண்டுகோள். நட்சத்திரங்களுக்குப் பக்கத்திலேயே, விமர்சகர் பார்த்தது எந்த ஆண்டுப் பதிப்பு, எத்தனை நிமிடம் என்று ஒரு வரி போடுங்கள். தொடராக இருந்தால் எந்த வரிசையில் பார்த்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். நிமிடக் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படத்தைச் சில நாடுகளின் பழைய வீடியோக்களில் 25-ஆக ஓட்டுவார்கள். ஒரு காட்சிகூடக் குறையாமலே 100 நிமிடப் படம் 96-இல் முடிந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு, நான்கு நிமிடத்தைக் காணோம் என்று என்னைப் போல ஒருத்தி உங்களுக்குக் கடிதம் எழுதிவிடுவாள்.

அப்புறம், உங்கள் விமர்சகர் ‘மெட்ரோபொலிஸ்’ 2010 பதிப்பைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதினால் மகிழ்வேன். அதற்கும் அதே நட்சத்திரம்தான் என்றாலும் சரி, நான் சண்டைக்கு வர மாட்டேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி