ஞாயித்துக்கெழம வால் க்ளைம்பிங், அதான் செவுரு ஏறுற வெளயாட்டு, அதுக்கு வர்றவங்க இத படிச்சிருங்க

அக்காங்களா, அம்மாங்களா, ஞாயிறு காலைல 6 மணி, ராயபுரம் ஸ்டேஷன் வாசல்ல நிப்பேன், 6.10க்கு மேல யாருக்கும் வெயிட் பண்ண மாட்டேன் போன தபா நின்னு நின்னு ட்ரெயின விட்டோம்ல.

பொண்ணுங்களுக்கு நகத்த ஒட்ட வெட்டி அனுப்புங்க, கொலுசு மோதிரம் வேணாம், மோதிரம் ஹோல்டுல, அதான் செவுத்துல புடிச்சி ஏறுற பிடில, மாட்டுனா விரல் காலி. துப்பட்டாவும் வேணாம், ட்ராக் பேண்ட் டீஷர்ட் போதும். ஷூ அங்கயே தருவாங்க, விரல் மடங்குற அளவு டைட்டா தான் இருக்கும், சின்ன சைஸ் குடுத்துட்டாங்கன்னு சண்டைக்கு போவாதீங்க, அது அப்டிதான்.

"பொம்பள புள்ளைக்கு இன்னாத்துக்கு செவுரு ஏறுற வேல"ன்னு ஒரு வீட்ல கேட்டாங்களாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல போலந்து பொண்ணு அலெக்சாண்ட்ரா மிரோஸ்லாவ் 15 மீட்டர் செவுத்த, நம்ம கணக்குல அஞ்சு மாடி, பைனல்ல 6.10 செகண்ட்ல ஏறி தங்கம் வாங்குச்சி. ஸ்லோவேனியா யான்யா கார்ன்ப்ரெட்டுக்கு டோக்கியோ, பாரிஸ் ரெண்டுலயும் தங்கம். அவ்ளோ தூரம் ஏன், அதே 2024ல நம்ம வடசென்னை ஆட்டோ டிரைவர் பொண்ணு காசிமா அமெரிக்கா போயி கேரம் உலகக்கோப்பைல 3 தங்கம் தூக்கிட்டு வந்துச்சே, அப்போ மட்டும் ஸ்டேட்டஸ் வெச்சீங்க?

மொத நாள் கைத்தோல் உரியும், தேங்கா எண்ண தடவுங்க, ஆனா ஏறுற அன்னிக்கி தடவாதீங்க, வழுக்கும்.

வர்றவங்க சனிக்கெழம ராத்திரிக்குள்ள பேர் போடுங்க. தம்ஸ் அப் போட்டா கணக்குல வராது.