வெப்காமிக் வாசகர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் மற்றும் சங்கத்து நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு அறிக்கை வாசித்தபோது பின்வரிசையில் இரண்டு பேர் செல்போனில் வெப்காமிக், அதாவது இணையத்திலேயே வெளியாகும் காமிக்ஸ், படித்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன். நம் சங்கத்தில் அது குற்றமாகாது. ஆனாலும் அந்தப் பாடத்தை நினைவில் வைத்து, எண்களை முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். தற்போது நம் உறுப்பினர்கள் 41 பேர். புதிதாகச் சேர்ந்தவர்கள் 9 பேர், புதுப்பிக்காதவர்கள் 4 பேர். மாதக் கூட்டம் 12 நடந்திருக்க வேண்டும், 11 தான் நடந்தது. விடுபட்டதற்குக் காரணம் நான். தேதியை மாற்றி அறிவித்துவிட்டு, மாற்றிய தேதியை நானே மறந்துபோனேன். பரிந்துரைக் குறிப்பேட்டில் 63 பதிவுகள் சேர்ந்துள்ளன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

புதுப்பிக்காத 4 பேரில் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சேர்ந்த புதிதில் அவர் என்னிடம் வந்து, "எதிலிருந்து ஆரம்பிக்கலாம் சார்?" என்று கேட்டார். எனக்கு மிகவும் பிடித்த ஒரு நெடுந்தொடரைச் சொன்னேன். பெயர் வேண்டாம். சொல்லிவிட்டு, "முதல் 300 பக்கம் கொஞ்சம் இழுவைதான், அதைத் தாண்டிட்டீங்கன்னா அப்புறம் கீழே வைக்க மாட்டீங்க" என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "முதல் பக்கத்திலிருந்தே நல்லா இருக்கிற மாதிரி வேற ஏதும் இல்லையா சார்?" என்றார். அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்த கூட்டத்துக்கும் வரவில்லை.

குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். பழைய பதிவுகளில் பாதிக்கு மேல் "செம", "அருமை, அவசியம் படிக்கவும்", "கடைசியில் அழுதுவிட்டேன்" என்றே இருந்தன. அழுதது சரி, அதைப் படிக்கப்போகிறவர் எங்கே தொடங்குவது? ஆகவே மார்ச் மாதக் கூட்டத்தில், இனி எந்தப் பரிந்துரையானாலும் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதியே பதிய வேண்டும் என்று முடிவானது. தொடர் முடிந்ததா, ஓடுகிறதா, தூங்குகிறதா? எந்தப் பக்கத்தில் தொடங்கலாம்? எவ்வளவு படித்தும் ஒட்டவில்லையென்றால் கைவிடலாம்? யாருக்குப் பிடிக்காது? நான்காவது கேள்விக்கு எதிர்ப்பு இருந்தது. "பிடிக்காதவங்களைப் பத்தி நாம ஏன் எழுதணும்?" என்றார் ஒரு மூத்த உறுப்பினர். ஆனால் ஆண்டு முழுக்கக் குறிப்பேட்டில் அதிகம் படிக்கப்பட்டது அந்தக் கட்டம்தான். "பூனை சாகும் கதை பிடிக்காதவர்கள் 14ஆம் அத்தியாயத்துக்கு முன்பே நிறுத்திவிடவும்" என்பது போன்ற பதிவு, பத்து "அருமை"களைவிடப் பயன்படுகிறது.

இந்த முறையில் பதிவானவற்றில் அதிகம் பேரைப் படிக்கவைத்தது உர்சுலா வெர்னானின் 'டிக்கர்'. 2003 முதல் 2011 வரை இணையத்தில் வந்து முடிந்த கதை. அறிவியல் புனைவு, மாயக்கதைகளுக்குத் தரும் ஹியூகோ விருதை 2012இல் பெற்றது. நாயகி ஒரு வோம்பாட், அதாவது வளை தோண்டும் ஆஸ்திரேலிய விலங்கு. பெண் வோம்பாட், அதுவும் பொறியாளர் புத்தி. மாயம், மந்திரம், கடவுள் என்றாலே எரிச்சல். அப்படிப்பட்டவள் சுரங்கம் தோண்டி வழிதவறி மேலே வந்து தலையை நீட்டுகிற இடம் ஒரு பிள்ளையார் கோயில்! பிள்ளையார் சிலை அவளிடம் பேசவும் செய்கிறது. நம் ஆட்கள் இதில்தான் விழுந்தார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் அவர்களைக் கடைசிவரை இழுத்துப் போனது வேறு. நிழலாக வரும் ஒரு குட்டி, டிக்கரிடம் நல்லது எது, கெட்டது எது என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அவளும் தன் வோம்பாட் நியாயத்தை வைத்துப் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டே இருப்பாள். கறுப்பு வெள்ளைப் படங்கள், மரத்தில் செதுக்கி அச்சிட்டது போல. பதிவில் எழுதியிருந்தது: முடிந்தது, முதல் பக்கத்தில் தொடங்கவும், கழுதைப்புலி வரும்வரை பார்க்கவும், அவசரக்காரர்களுக்குப் பிடிக்காது. இதற்கு மேல் ஒரு பரிந்துரைக்கு என்ன வேண்டும்?

டாம் சிடெலின் 'கன்னர்கிரிக் கோர்ட்' 2005இல் தொடங்கியது. அதைப் பதிந்தவர், "முதல் அத்தியாயப் படங்களைப் பார்த்துவிட்டு ஓடிவிடாதீர்கள், வரைபவர் நம் கண்ணெதிரே கற்றுக்கொள்கிறார்" என்று எழுதியிருந்தார். அச்சுப் புத்தகத்தில் கிடைக்காத இன்பம் இது. ஒரு ஓவியரின் பத்து வருடக் கைவளர்ச்சியை ஒரே மூச்சில் பார்த்துவிடலாம்.

'எக்ஸ்கேசிடி'க்கு (xkcd) இரண்டாவது கேள்வி செல்லாது. ராண்டல் மன்ரோ 2005 முதல் குச்சி மனிதர்களை வரைகிறார். எந்த எண்ணில் தொடங்கினாலும் சரி. ஆனால் ஒரு விஷயம். படத்தின் மேல் மவுஸை நிறுத்தினால் இன்னொரு வரி தோன்றும், பாதி நகைச்சுவை அதில்தான் இருக்கும். நம் உறுப்பினர் ஒருவர் ஆறு வருடமாகச் செல்போனில் மட்டுமே படித்துவந்தவர், இதை இந்த ஆண்டு கூட்டத்தில்தான் தெரிந்துகொண்டார். முகத்தில் சோகமா மகிழ்ச்சியா என்று சொல்ல முடியவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார். அதே தொடரின் 1190ஆம் படமான 'டைம்', 2013 மார்ச் 25 அன்று வெளியானபோது கடற்கரையில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் ஒற்றைப் படம். பிறகு சத்தமில்லாமல் மாறத் தொடங்கி, நான்கு மாதத்தில் 3,099 சட்டகங்கள் ஆனது. மணல்கோட்டை கட்டுவதில் தொடங்கும். எங்கே போய் முடியும் என்பதை இந்த அறிக்கையில் சொல்லமாட்டேன்.

அக்டோபர் கூட்டத்தைப் பேய்க்கதைகளுக்கு ஒதுக்கினோம். எமிலி கேரல் 2010இல் வெளியிட்ட 'ஹிஸ் ஃபேஸ் ஆல் ரெட்' கதையில் ஒருவன் குழிக்குள் இறங்கும் இடம் வரும். திரையைக் கீழே தள்ளத் தள்ள இருட்டு, இன்னும் இருட்டு. இறங்குவது அவனா நாமா என்ற சந்தேகம் வந்துவிடும். திரைக்கு எல்லையே இல்லை, காமிக்ஸ் அதில் எந்தப் பக்கமும் போகலாம் என்று காமிக்ஸ் கலையைப் பற்றி எழுதும் ஓவியர் ஸ்காட் மெக்கிளவுட் 2000ஆம் ஆண்டே எழுதினார். அவர் சொன்னது எனக்கு உண்மையில் புரிந்தது இந்தக் குழியில்தான். அடுத்து, கொரியாவின் ஹோராங் 2011இல் நேவர் வெப்டூன் என்ற கொரிய இணையதளத்தில் வெளியிட்ட 'பொங்சோன்-தோங் பேய்'. அதுவரை நம் விரலுக்குக் கட்டுப்பட்டு நகர்ந்த பக்கம், ஓரிடத்தில் விரலை மீறித் தானாக ஓடும். துணைச் செயலாளரின் செல்போன் அன்று தரையில் விழுந்தது. திரைக்கு ஒன்றுமில்லை. அவருக்குத்தான் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

தீர்மானங்களில் ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன்: ஓவியத்தைப் பகிரும்போது வரைந்தவரின் பெயரோடும், அவருடைய சொந்தப் பக்கத்தின் லிங்க்கோடும்தான் பகிர வேண்டும். இது எப்படி வந்தது என்றால், மொழிகளின் மரம் என்று ஒரு படம் எல்லோருடைய செல்போனிலும் இருக்கிறது. பெரிய மரத்தில் இந்திய-ஐரோப்பிய மொழிகள் இலைக்கொத்துகளாகவும், பக்கத்தில் சின்ன மரத்தில் ஃபின்னிஷ் முதலான யூராலிய மொழிகளும் இருக்கும். "இதில் தமிழ் ஏன் இல்லை?" என்று கோபத்தோடு ஒருவர் கூட்டத்தில் கேட்டார். விசாரித்ததில், அது மின்னா சுண்ட்பெரி தன் 'ஸ்டாண்ட் ஸ்டில், ஸ்டே சைலன்ட்' காமிக்ஸுக்காக வரைந்த படம். அந்தக் கதையில் வட ஐரோப்பாவின் நோர்டிக் நாடுகளைச் சேர்ந்த சிலர் ஒரே குழுவாகப் பயணம் போகிறார்கள். ஒருவர் பேசுவது எல்லோருக்கும் புரிந்துவிடாது. ஃபின்னிஷ் மட்டுமே பேசுகிறவனுக்கு மற்ற மொழிகள் சுத்தமாக விளங்காது, ஏனென்றால் அது வேறு மரம். அதைக் காட்டத்தான் இரண்டு மரம், திராவிட மரத்துக்கு அங்கே வேலை இல்லை. படத்தைப் பெயரில்லாமல் சுற்றவிட்டதால் ஓவியருக்கு வாசகர் போனார், நமக்கு வீண் கோபம் வந்தது. கேள்வி கேட்டவர் இப்போது அந்தத் தொடரின் தீவிர வாசகர்.

லிங்க் கொடுத்தால் மட்டும் போதாது என்பதும் இந்த ஆண்டு தெரிந்தது. பழைய பதிவுகளைச் சரிபார்க்க இரண்டு பேரை நியமித்தோம். பல லிங்க்குகள் செத்துவிட்டன. என்.டி. ஸ்டீவன்சனின் 'நிமோனா' 2015இல் புத்தகமானபின் இணையத்தில் தொடக்க அத்தியாயங்களே மிஞ்சின. அதிலாவது புத்தகம் இருக்கிறது, 2023இல் வந்த படமும் இருக்கிறது. ஆண்ட்ரூ ஹஸ்ஸியின் 'ஹோம்ஸ்டக்' கதி வேறு. 2009 ஏப்ரல் 13 முதல் 2016 ஏப்ரல் 13 வரை ஓடிய, 8,000 பக்கம் தாண்டிய தொடர். நடுநடுவே ஃபிளாஷ் என்ற மென்பொருளில் செய்த அசைபடங்களும் விளையாட்டுகளும் இருந்தன. 2020 டிசம்பர் 31 அன்று அடோபி நிறுவனம் ஃபிளாஷை நிறுத்தியதும் அவை இயங்காமல் நின்றன. அதை மறுபடி முழுசாகப் பார்க்கும்படி ஒரு தொகுப்பாகத் தைத்துக் கொடுத்தவர்கள் வாசகர்கள். குறிப்பேட்டில் அந்தத் தொகுப்பையே பதிந்திருக்கிறோம். 'ஹோம்ஸ்டக்' நல்ல கதைதானா என்ற விவாதம் மூன்றாவது முறையாக அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது.

ஆண்டின் பெரிய வேலை மொழிபெயர்ப்பு. டேவிட் ரெவோய் 2014 முதல் வரைந்துவரும் 'பெப்பர் அண்ட் கேரட்' காமிக்ஸை, பெயரைக் குறிப்பிட்டால் யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். கிரிட்டா என்ற இலவச மென்பொருளில் வரைந்த மூலக்கோப்புகளையே அவர் தந்துவிடுகிறார். வசனம் படத்தின் மேல் தனி அடுக்காக இருப்பதால் ஓவியத்தைத் தொடாமலே மாற்றலாம். நம் ஐந்து பேர் கொண்ட குழு, உறுப்பினர்களுக்குள் படிப்பதற்காகச் சில அத்தியாயங்களில் கைவைத்துப் பார்த்தது.

முதல் சண்டை பெயரில். பெப்பர் ஒரு சூனியக்காரச் சிறுமி. 'மிளகு' என்று வைத்தால் அழகாக இருக்கிறதே என்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம். பிறகுதான் அவளை வளர்க்கும் மூன்று கிழவிகளில் ஒருத்தியின் பெயர் கேயன் என்று கவனித்தோம். அது மிளகாய். மிளகும் மிளகாயும் ஒரே கட்டத்தில் நின்று பேசினால் யார் யாரென்று வாசகர் தடுமாறுவார். பெப்பர் பெப்பராகவே இருக்கட்டும் என்று விட்டோம். அடுத்தது, பெப்பர் தன் பூனையை எப்படிக் கூப்பிடுவாள்? ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே 'யூ'. தமிழில் பூனைக்கு "டேய்", கிழவிகளுக்கு "நீங்க" என்று வைத்ததுமே, அதுவரை மொழிபெயர்ப்பாக இருந்தது பேச்சாக மாறிவிட்டது.

வசன பலூன்தான் எங்களைப் படுத்தியது. "தயாரித்துக்கொண்டிருக்கிறேன்" என்று ஒரு சொல்லை எழுதினால் பலூனின் இரு கரையையும் உடைத்துக்கொண்டு வெளியே போகிறது. எழுத்தைச் சுருக்கினால் படிக்க முடியவில்லை, சொல்லை வெட்டினால் பார்க்கச் சகிக்கவில்லை. "செஞ்சிட்டிருக்கேன்" என்றதும் உள்ளே அடங்கியது. பேச்சுத்தமிழா எழுத்துத்தமிழா என்று இரண்டு கூட்டமாக நடந்த வாதத்தைக் கடைசியில் பலூனே தீர்த்துவைத்தது. ஒலிகளில் மட்டும் நமக்குக் குறையே இல்லை. கொதிப்பதற்குக் "குபுகுபு", விழுவதற்குத் "தொபுக்கடீர்", நனைந்த பூனை உதறுவதற்கு "சடசட". இங்கே மூலத்தைவிட நம்முடையது ஒரு படி மேல் என்பது என் சொந்தக் கருத்து, செயற்குழுவின் கருத்தாகப் பதிய வேண்டாம்.

செயற்கை நுண்ணறிவு வரைந்த படங்களைக் குறிப்பேட்டில் சேர்க்கலாமா என்ற கேள்வி ஜூலையில் வந்தது. சூடான கூட்டம். தங்கள் படங்களைக் கேட்காமல் பயிற்சிக்கு எடுத்தார்கள் என்பது ஓவியர்களின் குறை. அப்படிப் பயிற்சி பெற்றது தங்கள் பாணியைக் காப்பியடிப்பதைத் தடுக்கச் சிகாகோ பல்கலைக்கழகக் குழு 2023இல் 'கிளேஸ்' என்ற கருவியை வெளியிட்டதும், நம் ஓவிய உறுப்பினர்கள் இருவர் அதைப் பயன்படுத்துவதும் பேசப்பட்டது. யார் வரைந்தார் என்று பெயர் சொல்ல முடியாத படத்தைப் பதிவதில்லை என்று 26க்கு 7 என்ற வாக்கில் முடிவானது. மேலே சொன்ன பெயர்த் தீர்மானத்தை ஏற்றபின் வேறு முடிவு எடுக்க வழியுமில்லை.

வரும் ஆண்டில், புதியவர்களுக்கென்று ஒரே நாளில் படித்து முடிக்கக்கூடிய கதைகளின் தனிப் பட்டியல் தயாராகும். அதை எழுதும் பொறுப்பிலிருந்து என்னை விலக்கிவைத்திருக்கிறார்கள், காரணம் உங்களுக்குத் தெரியும். விலகிப்போன அந்த நண்பருக்கு 'டிக்கர்' பதிவைப் பிரதியெடுத்து அனுப்பினேன். "பிள்ளையார் வரைக்கும் வந்துட்டேன்" என்று பதில் வந்திருக்கிறது. சந்தா அனுப்பவில்லை.

லிங்க் சரிபார்த்த இருவருக்கும், மொழிபெயர்ப்புக் குழுவுக்கும், நான் மறந்த கூட்டத்துக்கு வந்து பூட்டிய கதவின் முன் நின்றவர்களுக்கும் நன்றி. இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். சங்க நூலகத்து 'டிக்கர்' முழுத்தொகுப்பு மூன்று மாதமாகத் திரும்பவில்லை. எடுத்துச் சென்றவர் இப்போது பின்வரிசையில் செல்போன் பார்த்துக்கொண்டிருக்கிறார். கூட்டம் முடிந்ததும் என்னைச் சந்திக்கவும்.

செயலாளர்