நாலு பக்கம் தாண்டாத நண்பனுக்கு

நாகர்கோவில்

அன்புள்ள சுப்பையா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்திருப்பதாக எழுதியிருந்தாய், சந்தோஷம். மாடிப்படி ஏறுவதை மட்டும் கொஞ்ச நாளைக்குத் தள்ளி வை. இங்கே எல்லாரும் சுகம். சின்னவனுக்குக் கோவையில் வேலை கிடைத்துவிட்டது, வாடகைக்கு வீடு தேடி அலைகிறான். மழை விட்டபாடில்லை. எனக்கு வழக்கம்போல ப்ரூஃப் வேலை. இப்போது மேஜையில் கிடப்பது ஒரு தலபுராணத்தின் மறுபதிப்பு. ஃபாரம் ஃபாரமாக வந்துகொண்டே இருக்கிறது.

புத்தகத்தை எடுத்தால் நாலு பக்கம் தாண்டவில்லை, கை தானாகப் போனுக்குப் போகிறது, மூளை மழுங்கிவிட்டதோ என்று கேட்டிருந்தாய். மழுங்கவெல்லாம் இல்லை மக்கா. பென்ஷன் கணக்கில் விட்டுப்போன மூன்று ரூபாய்க்கு மனு எழுதிப் போட்டவன் நீ.

நம்ம இடலாக்குடிப் பாவலரை நினைத்துப் பார். மணிமண்டபத்தைத் தாண்டித் தினமும் போய்வந்தோமே தவிர, அந்த மனிதர் செய்த காரியத்தை நாம் யோசித்ததே இல்லை. செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா ஹாலில் சதாவதானம் செய்து காட்டினார். நூறு கவனம்! அவதான மேடையில் ஒருவர் முதுகில் கல் எறிவார், எத்தனை கல் என்று எண்ண வேண்டும். ஒருவர் இடையிடையே மணி அடிப்பார். ஒருவர் கணக்குப் போடச் சொல்வார், ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார். பாவலர் முஸ்லிம் ஆயிற்றே, அவரை மடக்குவதற்காக 'துருக்கனுக்கு ராமன் துணை' என்று ஈற்றடி கொடுத்தார்களாம்; துருக்கன் என்றால் முஸ்லிம். அவர் முந்தின அடியின் கடைசியில் ஒரு 'சத்' வைத்தார். ராமனின் தம்பி சத்துருக்கனுக்கு ராமன் துணை என்று ஆகிவிட்டது! அந்த ஒரு அசைக்கு மனம் முழுதாகப் போயிருக்க வேண்டும். மணியும் கல்லும் அதுஅது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்திருக்கும்.

இன்னொரு விஷயம் தெரியுமா? அவர் சென்னைக்குப் போனது சீறாப்புராணப் பதிப்புக்குப் பிழை திருத்தும் வேலைக்காக. அதாவது, என் தொழில்! அதைப் படித்த அன்று வீட்டில் என் பெருமை தாங்கவில்லை என்று உன் தங்கச்சி இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

தமிழில் இந்தக் கலை அருகிவிட்டது. தெலுங்கில் இன்னும் உயிரோடு இருக்கிறது. போன வாரம் ஓர் அஷ்டாவதானத்தை முழுதாகப் பார்த்தேன், போனில்தான், சிரிக்காதே. எட்டுப் பேர் அவதானியைச் சுற்றி உட்கார்கிறார்கள். கேட்பவர்களுக்குப் பிருச்சகர் என்று பெயர். ஒருவர், அவதானி சொல்லும் ஒவ்வோர் எழுத்துக்குப் பிறகும் 'அடுத்து இந்த எழுத்து வரக்கூடாது' என்று தடை போடுகிறார். இன்னொருவருக்கு வேலையே வம்பு பேசுவதுதான். அதற்கு அப்பிரஸ்துதப் பிரசங்கம் என்று பெயர். பாட்டு நடுவில் இருக்கும்போது, "ஐயா, உங்கள் வீட்டில் சமையல் யார்?" என்பது மாதிரி ஏதாவது கேட்டு இழுப்பார். அவதானி அதற்கும் ஒரு கிண்டலான பதிலைச் சொல்லிவிட்டு, விட்ட எழுத்துக்குத் திரும்புகிறார். தெலுங்கு எனக்கு அரைகுறைதான், ஆனாலும் அந்தத் திரும்பும் இடத்தைப் பார்த்து அசந்துபோனேன்.

கொஞ்ச நேரம் பார்த்ததும் சூட்சுமம் பிடிபட்டது. எட்டையும் ஒரே நேரத்தில் அவர் செய்யவே இல்லை. இவருக்கு ஓர் அடி சொல்கிறார், முடித்து வைக்கிறார், அடுத்தவரிடம் போகிறார். நான்கு சுற்றில் நான்கு அடி. கடைசியில் தாரணை. எல்லாருடைய பாட்டையும் முதலிலிருந்து ஒப்பிக்க வேண்டும். ஒவ்வொன்றையும் எங்கே விட்டோம் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரிகிறது. வம்புக்காரரும் எட்டில் ஒருவர்தான், அவர் வருவார் என்றும் முன்கூட்டியே தெரியும்.

உன் போனில் எட்டுப் பேருமே அப்பிரஸ்துதப் பிரசங்கிகள், சுப்பையா. சமஸ்யை, அதாவது பாட்டாக முடிக்கச் சொல்லி ஓர் அடி, கொடுப்பவர் ஒருவர்கூட இல்லை. எப்போது நிறுத்துவார்கள் என்ற கணக்கும் கிடையாது, கடைசியில் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பாரும் இல்லை. பாவலரையே உட்கார வைத்தாலும் வெண்பா வராது.

அதனால் போனைத் தூக்கிக் கிணற்றில் போடு என்று உபதேசம் செய்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. கவனத்தைக் கற்றுத்தருகிறேன் என்று காசு வாங்குகிறவர்களிடம் அதைவிடக் குறைவு. நம்ம வீடுகளில் மௌனம் எப்போது இருந்தது? பக்கத்து வீட்டு ரேடியோ அலறும்போதுதானே நீ பரீட்சைக்குப் படித்தாய்!

என் மேஜைப் பழக்கம் ஒன்று சொல்கிறேன். ப்ரூஃப் படிக்கும்போது வரிக்குக் கீழே ஸ்கேல் இருக்கும். யாராவது கூப்பிட்டால் உடனே எழுந்திருக்க மாட்டேன். நிறுத்திய சொல்லின் மேல் பென்சிலால் ஒரு டிக், ஓரத்தில் அப்போது மனதில் இருந்த சந்தேகம்: 'அரமா, அறமா? மூலம் பார்' என்று. அப்புறம்தான் எழுந்திருப்பேன். இதையே சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் ஆராய்ந்திருக்கிறார். அரைகுறையாய் விட்ட வேலையின் மிச்சம் அடுத்த வேலையிலும் மனதை விடாமல் பிடித்துக்கொள்கிறது என்று 2009இல் எழுதினார். எழுந்து போகும் முன் எங்கே நிற்கிறோம், திரும்பி வந்து என்ன செய்யப் போகிறோம் என்று சுருக்கமாகக் குறித்துவைத்தால் அந்த இழுப்பு குறைகிறது என்று 2018இல் இன்னொரு கட்டுரை. பழைய அச்சாபீஸ்காரர்களுக்கு இது தெரியும் என்று அவரிடம் யாராவது சொல்ல வேண்டும்.

ஆகவே நீ ஒரு பென்சிலோடு உட்கார். போன் அடித்தால் எடு, பாதகமில்லை. எடுக்கும் முன் ஒரு டிக் போடு, ஓரத்தில் இரண்டு சொல் எழுது. ராத்திரி படுக்கும் முன், படித்ததை மங்கைக்குச் சொல்லிக் காட்டு. அதுதான் உன் தாரணை. அவள் கேட்க மறுத்தால் எனக்கு எழுது.

தை மாதம் சின்னவனைப் பார்க்கக் கோவை போகிறோம், திரும்பும்போது உன் வீட்டில் இரண்டு நாள். அதற்கு முன்னால் ஓர் ஈற்றடி அனுப்பி வை. காலேஜில் செய்ததுபோல வெண்பா முடித்து அனுப்புகிறேன். தளை தட்டினால் தயவுதாட்சண்யம் பார்க்காமல் திருத்து. ஈற்றடியில் மட்டும் உன் மூட்டுவலியைக் கொண்டுவராதே.

அன்புடன்,
வேலாயுதம்